உரிமையும் உரிமமும்: சிறு நில உடைமையாளரும் ஆற்று நீர்ச் சட்டமும்

நிலம் என் பெயரில் இருக்கிறது. ஆகவே அதன் ஓரமாக ஓடும் நீரும் எனக்கே உரியது. சிறு நிலம் வைத்திருப்போர் பலர் இயல்பாகக் கொள்ளும் எண்ணம் இது. மலேசியச் சட்டம் இவ்வெண்ணத்தை ஏற்பதில்லை. 'கெரான்' எனப்படும் நிலப்பட்டா நிலத்தைத் தருகிறது. அந்நிலத்தைத் தழுவி ஓடும் ஆற்றைத் தருவதில்லை. நிலத்தை உடையவர் ஆற்று நீரைத் தம் நிலத்திற்குத் திருப்ப விரும்பினால், அதற்கெனத் தனியே எழுத்து வடிவில் இசைவு பெறவேண்டும்.

இவ்வேறுபாட்டை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். பேராக் மாநிலத்தின் சித்தியவான் வட்டாரத்தைக் களமாகக் கொண்டு மூன்று வினாக்களை ஆராய்வோம். ஆற்று நீர் யாருடையது? எச்செயலுக்கு உரிமம் தேவை? அவ்வுரிமத்தின் இயல்பை அறியாதோர் எதனை இழக்க நேரிடும்? மூன்றாவது வினா தோட்டத்தை விட்டு வெளியேறிச் சிறு நிலங்களில் செம்பனையும் காய்கறியும் கால்நடையும் வளர்த்து வாழும் தமிழ்க் குடும்பங்களை நேரடியாகத் தொடுவதாகும்.

இரு சொற்கள்

முதலில் இரு சொற்களைப் பிரித்தறிதல் வேண்டும். உரிமை என்பது ஒருவருக்குச் சட்டத்தாலோ பிறப்பாலோ உடைமையாலோ உள்ளது. அதனைப் பறிப்பதற்கு அரசும் தக்க காரணம் காட்டவேண்டும். உரிமம் என்பது இக்காலக் கலைச்சொல். பொதுவாகத் தடை செய்யப்பட்ட ஒரு செயலை, குறிப்பிட்ட ஒருவர், குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட காலத்திற்கு, குறிப்பிட்ட நிபந்தனைகளுடன் செய்யலாம் என்று அரசு தரும் இசைவே உரிமம். பேச்சு வழக்கில் லைசென்ஸ் என்கிறோம். மலாய் ஆவணங்களில் லெசென் என்று காண்கிறோம்.

உரிமம் காலாவதியாகும், புதுப்பிக்கப்படவேண்டும். நிபந்தனையை மீறினால் இரத்தாகும். நில உரிமை அவ்வாறன்று. ஒரே மனிதர் தம் நிலத்தின்மீது உரிமை உடையவராகவும், அந்நிலத்திற்கு வரும் நீரின்மீது உரிமம் மட்டுமே உடையவராகவும் இருக்க இயலும். இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதிலிருந்தே இடர்கள் பல தோன்றுகின்றன.

ஆறு யாருடையது?

இவ்வினாவுக்கு விடை கூறுவது 1920ஆம் ஆண்டு நீர்ச் சட்டம். இது பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் இணைந்திருந்த மலாய்க் கூட்டு மாநிலங்களில் இயற்றப்பட்டது. இன்று 418ஆம் எண் சட்டமாக அந்நான்கு மாநிலங்களுடன் மலாக்கா, பினாங்கு, கூட்டரசுப் பிரதேசம் ஆகியவற்றுக்கும் பொருந்துகிறது.

இச்சட்டத்தின் 3ஆம் பிரிவு, ஒரு மாநிலத்தின் ஆறுகள் அனைத்தின் உடைமையும் கட்டுப்பாடும் அம்மாநில ஆட்சியாளரிடமே உள்ளன என்கிறது. வெளிப்படையான அரசுக் கொடையால் வேறுவகையாக வழங்கப்பட்டிருந்தால் மட்டுமே இதற்கு விலக்கு உண்டு. ஆறு என்னும் சொல்லுக்கு இச்சட்டம் தரும் பொருளும் விரிவானது. கிளையாறு, ஓடை, இயற்கையாக அமைந்த நீர்வழி ஆகியவையும் ஆறு என்றே கொள்ளப்படும். அரசிதழில் அறிவிக்கப்பட்ட கால்வாயும் அவ்வாறே. ஆதலால், "இது ஆறன்று, சிறு ஓடைதானே" என்று கூறுவதால் பயனில்லை.

சட்டம் தோன்றிய சூழலையும் கருதவேண்டும். அக்காலத்தில் பேராக்கின் பெருந்தொழில் ஈயம். ஈய லம்பங்களில் நீரைப் பீய்ச்சி மண்ணைக் கரைத்து ஈயத்தைப் பிரித்தனர். எஞ்சிய மணலும் சேறும் ஆறுகளில் படிந்து, படுகை உயர்ந்து, வெள்ளம் பெருகியது. சுரங்கத்தார்க்கும் நீர் வேண்டும். நெல் விளைப்போர்க்கும் நீர் வேண்டும். ஊர்களுக்குக் குடிநீரும் வேண்டும். கிரியானில் நெல் வயல்களுக்காகப் புக்கிட் மேரா நீர்த்தேக்கத்துடன் கூடிய பாசனத் திட்டம் 1906ஆம் ஆண்டிலேயே நிறைவுற்றிருந்தது. போட்டியிடும் இத்தேவைகளுக்கிடையே ஆற்றங்கரை நிலத்தார் ஒவ்வொருவரும் தம் விருப்பப்படி நீரை எடுக்க விடுவது இயலாது என்னும் நிலையில், ஆறு முழுவதையும் ஆட்சியாளரின் கட்டுப்பாட்டில் வைத்தனர்.

சித்தியவான் வட்டாரத்தின் வரலாறு இங்கே ஒரு நுட்பத்தைக் காட்டுகிறது. இன்றைய மஞ்சோங் மாவட்டத்தின் கடற்கரைப் பகுதியான லுமுட்டும் பங்கோர் தீவும் டிண்டிங்ஸ் என்னும் பெயரில் 1874ஆம் ஆண்டு பங்கோர் உடன்படிக்கைக்குப் பின் பிரிட்டிஷ் நீரிணைக் குடியேற்றங்களின் பகுதியாக இருந்தன. 1935ஆம் ஆண்டில்தான் பேராக்கிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டன. சித்தியவானோ பேராக் நிலம். எனவே 1920க்குப் பின் ஏறத்தாழ 15 ஆண்டுகள், அண்டை ஊர்களான சித்தியவானிலும் லுமுட்டிலும் வெவ்வேறு ஆட்சிகளின் சட்டங்கள் வழங்கின. நீர் குறித்த உரிமை எந்த ஆட்சியின் எல்லைக்குள் நாம் நிற்கிறோம் என்பதைப் பொறுத்தது என்பதற்கு இதனினும் அண்மையான சான்று வேண்டுவதில்லை.

விடுதலைக்குப் பின்னும் இந்நிலை தொடர்கிறது. கூட்டரசு அரசியலமைப்பின் 9ஆவது அட்டவணை நிலத்தையும் ஆறுகளையும் மாநிலப் பட்டியலில் வைத்துள்ளது. 2005ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழி, நீர் விநியோகச் சேவை மட்டும் மாநிலமும் கூட்டரசும் பகிர்ந்துகொள்ளும் பொதுப் பட்டியலுக்கு மாற்றப்பட்டது. ஆகையால் இருவகை நீரை நாம் பிரித்தறிய வேண்டும். சுத்திகரிக்கப்பட்டுக் குழாயில் வரும் நீர் ஒன்று. அது 2006ஆம் ஆண்டு நீர்ச் சேவைத் தொழில் சட்டத்திற்கு உட்பட்டது. பேராக்கில் அதனை வழங்குவது பேராக் நீர் வாரியம். ஆற்றிலும் ஓடையிலும் ஓடும் மூலநீர் மற்றொன்று; அது மாநில ஆட்சிக்கு உட்பட்டது. குழாய் நீருக்கான கட்டணத்தைத் தவறாமல் செலுத்துபவர், அதனாலேயே ஓடை நீரை எடுக்கும் இசைவு பெற்றவர் ஆகிவிடமாட்டார்.

ஓர் எடுத்துக்காட்டு நிலம்

இவ்விதிகள் நடைமுறையில் எவ்வாறு அமையும் என்பதைக் காண, கற்பனையாக ஒரு நிலத்தைக் கொள்வோம். ஆயர் தாவார் அருகே 3 ஏக்கர். செம்பனை, ஓரத்தில் கத்தரியும் வெண்டையும், பின்புறம் சில மாடுகள். நிலத்தின் ஒரு பக்க எல்லையில் ஓர் ஓடை. நிலத்திற்கு முறையான கெரான் உண்டு. இந்நிலத்தார் செய்ய விரும்பும் ஆறு செயல்களை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதலாவது, ஓடையிலிருந்து இறைப்பான் வைத்துக் குழாய் வழியே காய்கறிப் பாத்திகளுக்கு நீர் பாய்ச்சுதல். நீர்ச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, வாய்க்கால், வடிகால், குழாய் அல்லது வேறெந்த வழியாலும் ஆற்று நீரை அதன் இயல்பான போக்கிலிருந்து திருப்புவதை உரிமம் இன்றிச் செய்யக்கூடாது என்கிறது. எத்தனை லிட்டர் என்பதை வைத்து இத்தடை எழுதப்படவில்லை. திருப்புதல் என்னும் செயலை வைத்தே எழுதப்பட்டுள்ளது. ஆகவே இச்செயலுக்கு உரிமம் வேண்டும்.

இரண்டாவது, கோடையில் நீர் தேங்கி நிற்பதற்காக மணல் மூட்டைகளை அடுக்கி ஓடையைத் தடுத்தல். 5ஆம் பிரிவு ஆற்றைத் தடுப்பதையும் அதன் ஓட்டத்தில் குறுக்கிடுவதையும் உரிமம் இன்றிச் செய்யலாகாது என விலக்குகிறது. கரையிலுள்ள மரத்தை ஆற்றுக்குள் விழுமாறு வெட்டுவதும் இதே பிரிவில் அடங்கும். கரையைச் சிதைத்தவரைப் பழைய நிலைக்குக் கொண்டுவருமாறு பணிக்கவும் சட்டத்தில் இடமுண்டு.

மூன்றாவது, அக்கரைக்குச் செல்ல ஒரு பாலம். கரைக்குக் கரை 20 அடிக்கு மேல் அகலமுள்ள இடத்தில் பாலமோ படகுத்துறையோ அமைக்க 5ஆம் பிரிவின்படி உரிமம் வேண்டும். ஓடை அதனினும் குறுகியதாயின் இவ்விதி பொருந்தாது. எனினும், நீரோட்டத்தைத் தடுக்கும் வகையில் தூண் நட்டால் முன்கூறிய தடை பொருந்தும்.

நான்காவது, ஓடைக் கரையில் மாட்டுக்கொட்டகை. ஆற்றங்கரையிலிருந்து 50 அடிக்குள் கட்டடம் எழுப்பவோ கரையோரம் சுவர் கட்டவோ மாநில ஆட்சியின் எழுத்து வழி இசைவு வேண்டும் என்கிறது 14ஆம் பிரிவு. நிலம் சொந்த நிலமே ஆயினும் இக்கட்டுப்பாடு உண்டு என்பது கருதத்தக்கது.

ஐந்தாவது, அக்கொட்டகையின் கழிவுநீரை ஓடையில் விடுதல். ஆற்றை மாசுபடுத்துவதை நீர்ச் சட்டமே 7அ பிரிவில் தடுக்கிறது. 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டமும் இதில் குறுக்கிடும். தமக்கு நீர் எடுக்க உரிமம் உண்டு என்பது, பயன்படுத்திய நீரை அழுக்காக்கித் திருப்பிவிடும் உரிமம் ஆகாது. கோழிப் பண்ணைகளும் மீன், இறால் குளங்களும் மிகுந்த மஞ்சோங் மாவட்டத்தில் இவ்விதியின் இன்றியமையாமையைக் கூறவேண்டுவதில்லை.

ஆறாவது, ஓடையை விடுத்துத் தம் நிலத்திலேயே கிணறு தோண்டுதல். நிலத்தடி நீர் 1920ஆம் ஆண்டுச் சட்டம் கூறும் ஆறு என்னும் சொல்லுக்குள் அடங்காது. எனினும் கிணறு தோண்டுவதைக் குறித்துக் கனிம, புவி அறிவியல் துறைக்கு அறிவிக்கும் கடமையை 1974ஆம் ஆண்டு நில ஆய்வுச் சட்டம் விதித்துள்ளது. சில மாநிலங்கள் தத்தம் சட்டமன்றங்களில் புதிய நீர்வளச் சட்டங்களை இயற்றி நிலத்தடி நீரையும் உரிமத்திற்குள் கொண்டுவந்துள்ளன. சிலாங்கூர் 1999ஆம் ஆண்டில் நீர் மேலாண்மை வாரியத்தை நிறுவியது இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ஆகவே கிணற்றுக்குக் கடப்பாரை எடுக்குமுன் மாவட்ட நில அலுவலகத்தில் நடப்பு விதியைக் கேட்டறிவதே முறை.

ஆறு செயல்களுள் நிலத்தின் உரிமையாளர் என்ற தகுதி ஒன்றினால் மட்டும் தடையின்றிச் செய்யத்தக்கது எதுவும் ஏறக்குறைய இல்லை. அதே வேளையில், சட்டம் இவற்றை முற்றாக மறுக்கவும் இல்லை. கேட்டுப் பெற்றுச் செய் என்கிறது. விண்ணப்பத்தின் முதல் வாயில் மாவட்ட நில அலுவலகம். மஞ்சோங் மாவட்டத்திற்கு அது ஸ்ரீ மஞ்சோங்கில் உள்ளது. ஆற்றைப் பற்றிய தொழில்நுட்பக் கருத்தைக் கூறுவது 1932ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட நீர்ப்பாசன வடிகால் துறை. ஜேபிஎஸ் என்னும் சுருக்கப் பெயரால் மக்கள் அறிந்த துறை இதுவே.

ஆற்றுப் புறம்போக்கும் ஓராண்டு உரிமமும்

மேற்கண்ட நிலத்தாருக்குக் கெரான் இருந்தது. அதுவும் இல்லாதோர் நிலை மேலும் நுட்பமானது. ஆற்றின் இருமருங்கிலும் அரசு ஒதுக்கி வைக்கும் நிலத்தை மலாயில் ரிசாப் சுங்கை என்பர். தமிழ்நாட்டு வருவாய்த்துறை வழக்கில் ஆற்றுப் புறம்போக்கு என்பர். அதன் அகலம் ஆற்றின் அகலத்தைப் பொறுத்தது. நீர்ப்பாசன வடிகால் துறையின் வழிகாட்டி, 5 மீட்டருக்குக் குறைந்த ஓடைக்கு ஒவ்வொரு கரையிலும் 5 மீட்டர், 5 முதல் 10 மீட்டர் வரை 10 மீட்டர், 10 முதல் 20 வரை 20 மீட்டர், 20 முதல் 40 வரை 40 மீட்டர், 40 மீட்டருக்கு மேற்பட்ட ஆற்றுக்கு 50 மீட்டர் என வகுத்துள்ளது. வெள்ளம் பரவவும், தூர்வாரும் இயந்திரம் செல்லவும், கரை சரியாமல் இருக்கவும் இவ்விடம் வேண்டப்படுகிறது.

வெறுமையாகக் கிடக்கும் இவ்விடத்தில்தான் காய்கறித் தோட்டமும் மாட்டுக்கொட்டகையும் சிறு கோயிலும் எழுகின்றன. ஆண்டுகள் பல கழிந்தால் அது தமதாகிவிடும் என்று எண்ணுவோர் உண்டு. 1965ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு இன்று 828ஆம் எண் சட்டமாக விளங்கும் தேசிய நிலச் சட்டத் தொகுப்பின் 48ஆம் பிரிவு, அரசு நிலத்தில் எத்தனை காலம் குடியிருந்தாலும், உரிமத்துடன் இருந்தாலும்கூட, அதனால் நில உரிமை தோன்றாது என்று கூறுகிறது. ஐம்பது ஆண்டு அனுபவம் என்னும் வாதம் இங்கே செல்லாது.

அரசு நிலத்தைத் தற்காலிகமாகப் பயன்படுத்தத் தரப்படும் இசைவு டிஓஎல் எனப்படும் தற்காலிகக் குடியிருப்பு உரிமம். இது பொதுவாக வழங்கப்பட்ட ஆண்டின் இறுதியோடு முடிந்துவிடும்; தொடர வேண்டுமாயின் புதுப்பிக்கப்படவேண்டும். இதனைப் பிறருக்கு மாற்றித் தர இயலாது. உரிமம் பெற்றவர் இறந்தால் உரிமமும் முடிந்துவிடும். தந்தையின் பெயரிலிருந்த டிஓஎல்லுக்கு மகன் ஆண்டுதோறும் பணம் கட்டி வந்ததாலேயே அது மகனுடையதாகிவிடாது. தந்தை மறைந்தவுடன் மகன் தம் பெயரில் புதிதாக விண்ணப்பித்திருக்க வேண்டும். இதை அறியாதவர் அகற்றல் அறிவிப்பு வந்தபின்னரே, தம்மிடம் உள்ள பற்றுச்சீட்டுகள் வேறொருவர் பெயரில் இருப்பதை உணர்வர். அக்குடும்பம் அதனால் இழப்பது மாடுகளையும் பாத்திகளையும் அவை தந்த வருவாயையும் ஆகும்.

கெரான் உடையோரும் ஆற்றின் போக்கை மறத்தலாகாது. ஆற்றை எல்லையாகக் கொண்ட நிலத்திற்குள் ஆறு புகுந்துவிட்டால், புகுந்த அளவு நிலம் அரசு நிலமாகிவிடும் என்பது அதே தொகுப்பின் 49ஆம் பிரிவு. ஆறு பின்வாங்கினாலோ வெளிப்பட்ட நிலம் அரசுக்கே உரியது. ஆகவே கரையைக் காப்பது நிலத்தார்க்கும் நன்மையே.

பிற நாடுகளின் நடைமுறை

இத்தகைய கட்டுப்பாடு மலேசியாவுக்கு மட்டும் உரியதன்று. ஆற்றங்கரை நிலத்தார்க்கு நீரில் பங்குண்டு என்னும் கொள்கையை நெடுங்காலம் போற்றிய இங்கிலாந்தும் 1963ஆம் ஆண்டு நீர்வளச் சட்டத்தால் உரிம முறைக்கு மாறியது. எனினும், 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி, நாளொன்றுக்கு 20 கன மீட்டர், அதாவது 20,000 லிட்டர் வரை எடுப்போர்க்குப் பொதுவாக உரிமம் வேண்டியதில்லை என விலக்களித்தது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 1989ஆம் ஆண்டு நீர்ச் சட்டம், வீட்டுத் தேவைக்கும் கால்நடைக்கும் நீர் எடுக்கும் உரிமையை உரிமமின்றியே நிலத்தார்க்கு வழங்கியது. வணிகப் பாசனத்திற்கு உரிமம் கேட்டது.

இந்தியாவில் நிலத்தடி நீரின் நிலை வேறு. 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம், வரையறுத்த போக்கில் ஓடாத நிலத்தடி நீரைத் தம் நில எல்லைக்குள் எடுத்துக்கொள்ளும் உரிமையை நிலத்தார்க்கு ஏற்றது. கிணறுகள் பெருகி நீர்மட்டம் தாழ்ந்தபின் கட்டுப்படுத்த முனைந்த தமிழ்நாடு, 2003ஆம் ஆண்டில் நிலத்தடி நீர்ச் சட்டம் ஒன்றை இயற்றியது; அது நடைமுறைக்கு வராமலே 2013ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. இலங்கையில் 2000ஆம் ஆண்டளவில் நீருக்கு அனுமதிச்சீட்டு முறையைக் கொணரும் கொள்கை முன்வைக்கப்பட்டபோது, நீர் விற்பனைப் பொருளாகிவிடும் என்று விவசாயிகள் அஞ்சி எதிர்த்தனர், அக்கொள்கை கைவிடப்பட்டது.

இவற்றிலிருந்து இரு பாடங்கள் பெறலாம். கட்டுப்பாடே இல்லாதவிடத்து வலிமையான இறைப்பான் உடையவர் வெல்வார், கடைமடைக்காரர் தோற்பார். ஆற்றில் நன்னீர் குறைந்தால் கழிமுகத்தின் உப்புநீர் உள்நோக்கி ஏறும் என்பது கடலோரப் பகுதியான நம் வட்டாரத்தில் மறக்கத்தகாத உண்மை. ஆயர் தாவார் என்னும் ஊர்ப்பெயருக்கே உப்புக் கரிக்காத நன்னீர் என்பது பொருள். மறுபுறம், சிறியோர்க்கும் பெரியோர்க்கும் ஒரே படிவத்தையும் ஒரே நடைமுறையையும் வைத்தால், வரைபடம் வரைந்து தரவும் வழக்கறிஞரை அமர்த்தவும் வல்லவரே உரிமம் பெறுவர். வீட்டுத் தேவைக்கும் சிறு கால்நடைக்கும் எளிய வழி வகுத்த நாடுகள் இவ்விடரை உணர்ந்தே அவ்வாறு செய்தன. நம் நாட்டிலும் அத்தகைய எளிமையை வேண்டுவது குடிமக்களின் நியாயமான கோரிக்கையாகும்.

தமிழ் ஆவணங்களில் நீர் இசைவு

நீரைப் பயன்படுத்த எழுத்து வழி இசைவு வேண்டும் என்னும் கருத்து தமிழர்க்குப் புதிதன்று. கடாரம், ஸ்ரீவிஜயம் ஆகியவற்றை ஆண்ட மன்னர் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூளாமணி விகாரத்திற்கு, முதலாம் இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் என்னும் ஊரை வழங்கினான். அக்கொடையைப் பதிவு செய்த செப்பேடு 21 ஏடுகளைக் கொண்டது. நெதர்லாந்தின் லெய்டன் நகரைச் சென்றடைந்ததால் லெய்டன் செப்பேடு என்றும் வழங்கப்பெறும். கடாரம் என்பது நம் வடக்கே உள்ள கெடா என்பதால், இவ்வாவணம் நம் மண்ணோடும் தொடர்புடையது.

அச்செப்பேடு ஊரைக் கொடுத்ததோடு நிற்கவில்லை. எவை செய்யலாம், எவை செய்யலாகாது என்று நிரல்படக் கூறுகிறது. கொடை பெற்றவர் நீருக்கு ஏற்ப வாய்க்கால் வெட்டிப் பாய்ச்சலாம். துரவும் கிணறும் தோண்டலாம். அவ்வாய்க்கால்களில் அயலார் செய்யக்கூடாதன எனச் சில செயல்களையும் குறிக்கிறது. குறங்கறுத்தல் என்பது வாய்க்காலிலிருந்து கிளை வெட்டி நீரைத் திருப்புதல். விலங்கடைத்தல் என்பது குறுக்கே அடைத்தல். குற்றேத்தம் என்பது சிறிய ஏற்றம் வைத்து இறைத்தல். கூடைநீர் என்பது இறைகூடையால் நீரை எடுத்தல்.

இவற்றை 1920ஆம் ஆண்டுச் சட்டத்தோடு ஒப்பிட்டு நோக்குக. 7ஆம் பிரிவு தடுக்கும் திருப்புதலே குறங்கறுத்தல். 5ஆம் பிரிவு தடுக்கும் அடைத்தலே விலங்கடைத்தல். ஏறத்தாழ 900 ஆண்டு இடைவெளியில் எழுந்த இரு ஆவணங்கள் ஒரே செயல்களைக் கட்டுப்படுத்துகின்றன. கிணறு தோண்டுவதும்கூட அன்று தனியே எழுதிப் பெறவேண்டிய சலுகையாக இருந்தது. கட்டுப்பாட்டை ஊரவரே நடத்தியதற்கும் சான்றுண்டு. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டு ஓராண்டு பணியாற்றும் ஏரி வாரியத்தைக் குறிப்பிடுகின்றன. அந்த ஊராட்சியில் எல்லோர்க்கும் இடமிருக்கவில்லை; நிலமும் கல்வியும் உடையோரே தகுதி பெற்றனர். ஆயினும் நீர் தனியொருவரின் விருப்பத்திற்கு விடப்படவில்லை என்பது தெளிவு.

தோட்டத்தில் நீர்

இம்மரபை உடைய மக்கள் இன்று நீர் உரிமத்தின் முன் திகைத்து நிற்பதற்குக் காரணம் தோட்ட வாழ்க்கையில் இருக்கிறது. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் வடிகால்களை வெட்டியவர்களும் வரப்புகளைக் கட்டியவர்களும் பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளர்களே. எனினும் நீரை ஆளும் அதிகாரம் அவர்களிடம் இல்லை. லயத்துக் குழாய்க்கு நீர் வந்தது. எங்கிருந்து, யாருடைய இசைவில் வந்தது என்று அறியவேண்டிய தேவை அவர்களுக்கு எழவில்லை. தொழிலாளர்க்கு நல்ல நீர் தருவது முதலாளியின் கடமை என 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு விதித்தது. 1990ஆம் ஆண்டின் 446ஆம் எண் குடியிருப்பு வசதிச் சட்டமும் போதிய குழாய் நீரை இலவசமாக வழங்குமாறு முதலாளியைப் பணித்தது.

நீர் என்பது வேலையோடு வந்தது. வேலை போனபோது போயிற்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் வந்த காலத்தில் வெளியேறியோர், முதன்முறையாக நில அலுவலகத்தின் முன் விண்ணப்பதாரராக நின்றனர். துரையிடமும் கிராணியிடமும் வாய்மொழியாகக் கேட்டுப் பழகியவர்க்கு, எழுதிக் கேட்டு எழுதிப் பெறும் முறை புதிது. பெற்ற தாள் மலாயில் இருந்தது. அதைப் படித்து விளக்கும் நூலோ அலுவலரோ தமிழில் அரிது. குறை அம்மக்களின் அறிவில் இல்லை. சட்டத்தின் மொழிக்கும் அவர்களின் மொழிக்கும் இடையே பாலம் கட்டப்படாததில் இருக்கிறது.

ஆசிரியரும் மாணவரும் செய்யத்தக்கவை

அப்பாலத்தைக் கட்டுவதில் பள்ளிக்குப் பங்குண்டு. மூன்று பணிகளை முன்மொழியலாம்.

முதலாவது, சொற்பட்டியல். லெசென், பெர்மிட், கெரான், டிஓஎல், ரிசாப் சுங்கை, நோட்டிஸ் ஆகிய சொற்களுக்கு நேரான தமிழ்ச் சொல்லையும் ஓரிரு வரி விளக்கத்தையும் மாணவர் எழுதிப் பழகலாம். குறங்கறுத்தல், விலங்கடைத்தல், மதகு, கடைமடை, புறம்போக்கு முதலிய சொற்களை அவற்றோடு இணைத்துக் கற்பித்தால், பழஞ்சொற்கள் தேர்வுக்குரியவையாக மட்டும் நில்லாமல் பயன்பாட்டுக்கும் வரும்.

இரண்டாவது, ஆவணம் படிக்கும் பயிற்சி. ஓர் உரிமத்தில் காணவேண்டியவை ஐந்து. யார் பெயரில் உள்ளது? எந்த நிலத்திற்கு அல்லது எந்த இடத்திற்கு உரியது? எச்செயலுக்கு இசைவு தருகிறது? எந்நாளில் முடிகிறது? என்ன நிபந்தனைகளை விதிக்கிறது? பெயர்களை மாற்றிய மாதிரித் தாளைக் கொண்டு மேல்நிலை மாணவர் இவ்வைந்தையும் கண்டறியப் பழகினால், தம் வீட்டிலுள்ள தாளையும் அவர்களால் படிக்க இயலும்.

மூன்றாவது, நீர்வழி வரைபடம். தம் ஊரின் ஓடை எங்கே தோன்றுகிறது, யார் யார் நிலத்தைக் கடக்கிறது, எந்த ஆற்றில் சேர்கிறது என்பதை மாணவர் குழுவாக வரையலாம். மேலே எடுப்பவர் எடுத்தால் கீழே யாருக்குக் குறையும் என்பது அவ்வரைபடத்தில் விளங்கும். கட்டுப்பாடு ஏன் வேண்டும் என்னும் வினாவுக்கு மாணவர் தாமே விடை காண்பர்.

உடன்செய்ய வேண்டிய ஒன்று வீட்டில் உள்ளது. தாத்தா பெயரிலோ தந்தை பெயரிலோ உள்ள நிலத் தாள்களையும் உரிமங்களையும் எடுத்து, பெயரும் முடிவு நாளும் சரியாக உள்ளனவா என்று பார்த்தல் வேண்டும். மறைந்தவர் பெயரில் டிஓஎல் இருந்தால், அறிவிப்பு வரும்வரை காத்திராது, மாவட்ட நில அலுவலகத்தை நாடிப் புதிய விண்ணப்பம் அளித்தல் வேண்டும். அளித்த விண்ணப்பத்தின் படியையும் அலுவலக முத்திரையிட்ட நாளையும் பாதுகாத்தல் அதனினும் இன்றியமையாதது. இப்பணியைப் படித்த பிள்ளைகள் தம் குடும்பத்திற்குச் செய்யத் தொடங்குவார்களாயின், இக்கட்டுரையின் நோக்கம் நிறைவேறியதாகும்.